டிராலிப்பாதை கேட்டில் முப்பத்தைந்து பூட்டு

முதல் பூட்டைப் போட்டது நான்தான். ஊரே பார்த்த காரியத்தை இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது.

எங்கள் குருசடித்துறை ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கால்வாயுமாக நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஊர். வெள்ளைக்காரன் காலத்தில் கரையிலிருந்து கருமணலைக் கால்வாய்ப் படகுக்குக் கொண்டுபோக ஒரு கம்பெனி டிராலித் தண்டவாளம் போட்டிருந்தது. கம்பெனி போய், மணலும் போய், தண்டவாளம் துருப்பிடித்துக் கிடந்த இடத்தில் நாலு வருடத்துக்கு முன் சிமென்ட் கல் பதித்து நடைபாதை ஆக்கினார்கள். மீன் இறங்குதளத்திலிருந்து கால்வாய்ப் பாலம் வரை ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும். பலகையில் 'ரயில் நடைபாதை' என்று எழுதியிருக்கிறது. ரயில் எந்தக் காலத்திலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நாங்கள் டிராலிப்பாதை என்றுதான் சொல்லுவோம். அதைப் பெருக்குவதும், பைக் ஏறாமல் பார்ப்பதும், வலை காயப்போடுகிறவர்களிடம் சண்டை பிடிப்பதும் என் வேலை. பெயர் ராகேல். சண்டைக்கு ஆள் வேண்டும் என்றுதான் என்னைத் தேடிப்பிடித்து வேலையில் போட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

பாதை முடிகிற இடத்தில், பாலத்துக்கு முன்னால், ஒரு இரும்புக் கேட். பழைய தண்டவாளத்தையே அறுத்துச் செய்த இரட்டைக் கதவு. யானை வந்து முட்டினாலும் அசையாது. நடக்கிறவர்களுக்கு ஓரத்தில் வளைந்து போகிற ஒரு சந்து. அதில் பைக் நுழையாது. வயிறு பெருத்தவர்கள் பக்கவாட்டில்தான் போகவேண்டும். கேட்டைப் பார்த்தபடி பாதையோரத்தில் அந்தோணியார் குருசடி, அவர் சிலை நிற்கிற சின்னக் கோயில். மாதம் ஒருமுறை குப்பை டிராக்டருக்காகப் பேரூராட்சிப் பூட்டைக் கழற்றிக் கேட்டைத் திறப்பேன். டிராக்டர் ரிப்பேராகி நின்றபிறகு ஏழெட்டு மாதமாக அதுவும் இல்லை.

என் மகன் ஜெஃப்ரின் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனவன். எல்லை தாண்டிவிட்டார்கள் என்று போன வருடம் படகோடு பிடித்து ஜெயிலில் போட்டுவிட்டார்கள். நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் மனு எழுதி எழுதி என் கைதான் தேய்ந்தது. ஒருநாள் ஆத்திரத்தில், பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் இரும்புக்கடையில் கனமாக ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தோணியார் முகத்துக்கு நேரே வரவேண்டும் என்று கேட்டின் நடுவில், இரண்டு கதவும் சேருகிற கம்பிகளைச் சேர்த்து மாட்டிப் பூட்டினேன். மகன் வெளியே வருகிற அன்றைக்குத்தான் திறப்பேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

பார்த்தவர்கள் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு நான் சட்டம் சொன்னேன். கேட்டது கிடைக்கும்வரை பூட்டைத் திறக்கக்கூடாது. அடுத்தவர் பூட்டில் கைவைக்கக்கூடாது. தேர்த் திருநாளன்று சாவியைக் கொண்டுபோய்த் தேரில் தொட்டு எடுக்கவேண்டும். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று ஒருத்தர் கேட்டதில்லை. நான் சொன்ன தோரணையில், ஏதோ பெரிய சாமியாரே எழுதிக்கொடுத்த மாதிரி எல்லாரும் நம்பிவிட்டார்கள். சொல்லிச் சொல்லி நானும் நம்பிவிட்டேன், அதுதான் உண்மை.

விசாவுக்கு ஒரு பூட்டு வந்தது. மகள் கல்யாணத்துக்கு நாலைந்து. புருஷன் குடியை நிறுத்த மட்டும் ஒன்பது. கிரேசி ஒன்று போட்டாள். அவள் புருஷன் சிலுவைதாசன் ஒக்கிப் புயலில் போனவன். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. எல்லாருக்கும் அந்த நடுக்கம்பிதான் வேண்டும், அங்கேதானே அந்தோணியார் பார்வை விழுகிறது. பொன்னுலிங்கம் அண்ணாச்சிக்கோ நல்ல வியாபாரம். அவர் அய்யாவழிக்காரர், நிலைக்கண்ணாடியைக் கும்பிடுகிறவர். பூட்டில் எல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் விற்கும்போது, ரம்பம் போட்டாலும் அறுபடாது, கடல்காற்றுக்கும் அசராது என்று ஒரு பிரசங்கம் வைப்பார். திருநாள் வந்தபோது முப்பத்தைந்து பூட்டு ஆகியிருந்தது. முப்பத்துநாலு யாருடையது என்று எனக்குத் தெரியும். அடியில் தொங்கிய சின்னப் பித்தளைப் பூட்டை மட்டும் எவரோ நான் இல்லாத நேரம் பார்த்துப் போட்டிருந்தார்கள்.

இரண்டு கதவையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறோமே, அவசரத்துக்குத் திறக்கவேண்டி வந்தால் என்ன செய்வது என்று ஒருநாள் எனக்குத் தோன்றாமல் இல்லை. யார் திறக்கப்போகிறார்கள் என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பத்தாம் திருநாள் தேர். காலையிலேயே என் சாவியைத் தேரில் தொட்டு எடுத்துவிட்டு, பாதையில் காவலுக்கு வந்து நின்றேன். தேரன்றைக்குத்தான் இந்தப் பைக் ஓட்டுகிற பயல்களுக்குப் புத்தி குறுக்கே ஓடும். தேர் உயரம் கம்பியில் தட்டும் என்று ஊர் முழுக்க கரண்டை நிறுத்தியிருந்தார்கள். மத்தியானம் மூன்று மணி இருக்கும், ஒலிபெருக்கியில் உபதேசியாரின் செபம் பாதியில் நின்று, ஓடையின் மூடுகல் உடைந்து தேர்ச்சக்கரம் இறங்கிவிட்டது, யாரும் நெருக்க வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது. தேர் நின்ற இடம் ஊரைவிட்டு வெளியே போகிற ஒரே ரோட்டின் முக்கு. கடலோர ரோட்டைக் கடல் தின்று மூன்று வருடம் ஆகிறது.

கொஞ்ச நேரத்தில் டிராலிப்பாதையில் சைரன் சத்தம். திருநாள் கூட்டத்துக்காகக் கோயில் பக்கம் நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸ், சிமென்ட் கல் அதிர வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. பின்னாலேயே ஸ்கூட்டரில் பொன்னுலிங்கம் அண்ணாச்சி, சட்டைகூடப் போடவில்லை. உள்ளே அவர் மருமகள் ரேஷ்மி. எட்டு மாதம். மகன் அபிலாஷ் துபாயில். சாயங்காலம் தவறாமல் இந்தப் பாதையில் பையப் பைய நடக்கிற பிள்ளை. நான் பெருக்கிக்கொண்டிருந்தால் நின்று நாலு வார்த்தை பேசாமல் போகமாட்டாள். இதற்கு முன் இரண்டு தடவை நிற்காமல் போன கரு.

சிந்தியா என்கிற நர்ஸ் பின்கதவைத் திறந்தாள். படுக்கைத் துணியெல்லாம் ரத்தம். ரேஷ்மி முகம் வெளுத்துப்போய், கண் மட்டும் திறந்திருந்தது.

"அக்கா, சீக்கிரம் தொறங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கணும். போவவே அரைமணி ஆவும்," என்றாள் சிந்தியா.

நான் பேரூராட்சிப் பூட்டைத் திறந்தேன். கதவைத் தள்ளினேன். அசையவில்லை. அப்போதுதான் எனக்குத் தலைக்குள் உறைத்தது. நடுக்கம்பியில் முப்பத்தைந்து பூட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி கடைக்கு ஓடிப்போய் ரம்பத்தோடு வந்தார். இரண்டு கையாலும் இழுத்து இழுத்து அறுத்தார். பூட்டில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது, அவ்வளவுதான். நல்ல சாமானாகத்தான் விற்றிருக்கிறார் மனுஷன். எஞ்சின் பட்டறை பிரைட்டன் கட்டர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான், கரண்ட் இல்லை. ஊரில் இருக்கிற ஒரே ஜெனரேட்டர் தேருக்குப் பின்னால் டிராக்டரில் சிக்கிக் கிடந்தது. ரேஷ்மியை மேலே தூக்கி அந்தப்பக்கம் இறக்கிவிடலாமா என்று ஒருவன் கேட்டான். சிந்தியா அவனை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். ஆக்சிஜனும் டிரிப்பும் ஓடுகிறது, ஆட்டினால் ரத்தம் இன்னும் போகும், அந்தப்பக்கம் இறக்கி வைக்க வண்டி எங்கே இருக்கிறது, இன்னொரு ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றாள். இடித்துத் திறக்கிறேன் என்ற டிரைவர், கேட்டை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு வண்டிக்கே திரும்பினான்.

அண்ணாச்சி ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ராகேலு, ஏதாவது செய்யி," என்றார்.

சாவிகள் எங்கே இருக்கின்றன என்று எனக்கு மட்டும்தானே தெரியும். தேரில் தொட்டு எடுக்கவேண்டும் என்று நான்தான் சட்டம் போட்டிருந்தேன். அத்தனை சாவியும் இரண்டு தெரு தள்ளி, தேரைச் சுற்றி நிற்கிற கூட்டத்தின் கழுத்திலும் மடியிலும் இருந்தது. கொண்டுவரச் சொல்லலாம். ஆனால் திறப்பார்களா? மகனைச் சிறையில் வைத்துக்கொண்டு நானே திறப்பேனா?

கழுத்துக் கயிற்றைப் பிடித்தேன். ஜெஃப்ரினின் முகம் நினைவுக்கு வரவில்லை, அவன் சின்னதில் காய்ச்சலில் கிடந்தபோது என் விரலைப் பிடித்திருந்த பிடிதான் வந்தது. இந்தப் பூட்டைத் திறந்தால் அந்தப் பிடியை நானே உதறிவிடுவது மாதிரி எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உள்ளே ரேஷ்மி முனகினாள். அதற்குமேல் யோசித்தால் திறக்கமாட்டேன் என்று தெரிந்து, சாவியைப் போட்டுத் திருப்பினேன். திறந்த பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பிரைட்டனின் பைக்கில் ஏறி, நான் ஒரு பைக்கையும் விடாத அந்தப் பாதையிலேயே ஓட்டச் சொன்னேன்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் உபதேசியாரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"நான் ராகேல் பேசுகேன். டிராலிப்பாதை கேட்டுக்குப் பின்னால ஒரு பிள்ளைத்தாச்சி ரத்தம் போய்க் கெடக்கா. நம்ம பூட்டுதான் அவளுக்கு வழிய அடச்சிருக்கு. நான் எனக்கதத் தொறந்துட்டேன், இதோ பாருங்க. எனக்க மகன் இன்னும் வரல்ல. வராமயே தொறந்துட்டேன். சாவி வச்சிருக்கியவங்க ஓடி வாங்க."

யாரும் அசையவில்லை. எனக்குத் தெரிந்த முகங்கள்தான், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பூட்டு. பெண்கள் முந்தானைக்குள் சாவியைப் பொத்திக்கொண்டார்கள். இதற்குள் பத்து நிமிடம் போயிருக்கும். பிறகு, குடிக்குப் பூட்டுப் போட்ட ஒன்பது பேரில் ஒருத்தி, தாணம்மாள், "அந்தச் சவம் எப்படியும் குடிக்கத்தான் போறான்" என்று சொல்லிக்கொண்டே சேலையை வரிந்து செருகி ஓட ஆரம்பித்தாள். அவள் பின்னாலேயே இரண்டு பேர். அதற்குப்பிறகு தெருவே ஓடியது.

கேட்டில் தள்ளுமுள்ளு. ஒருத்தி சாவி இன்னொருத்தி பூட்டுக்குள் போய்ச் சிக்கியது. நான் கத்தி எல்லாரையும் வரிசையில் நிறுத்தினேன். திறந்தவர்கள் பூட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குருசடி பக்கம் திரும்பி, மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றார்கள். சிலர் அழுதார்கள். சிந்தியா உள்ளேயிருந்து பி.பி. இறங்குது, பி.பி. இறங்குது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முப்பது, முப்பத்தொன்று. மிச்சத்தில் இரண்டு சாவி வீட்டில் இருந்தது. பிரைட்டன் பைக்கில் பறந்துபோய் எடுத்துவந்தான்.

கிரேசி கடைசியாக நின்றாள். சாவி அவள் கையில்தான் இருந்தது. பூட்டைத் தொட்டாள், விட்டுவிட்டாள்.

"நான் தொறந்தா, அவரு இனி வரமாட்டாருன்னு நானே சொன்னதா ஆயிரும் ராகேலு," என்றாள்.

நான் கையை நீட்டினேன். அவள் ஆம்புலன்ஸைப் பார்த்தாள், என் இன்னொரு கையிலிருந்த பூட்டைப் பார்த்தாள். சாவியை என் உள்ளங்கையில் வைத்து, நீயே தொற, என்னால் முடியாது என்று சொல்லித் திரும்பி நின்றுகொண்டாள். உப்புக்காற்றில் துரு ஏறிச் சாவி திரும்பவில்லை. அண்ணாச்சி குருசடி விளக்கிலிருந்து எண்ணெயை அப்படியே எடுத்துவந்து ஊற்றினார். மூன்றாவது திருப்பில் திறந்தது. அந்தச் சத்தத்துக்குக் கிரேசியின் தோள் ஒருமுறை குலுங்கியது, நான் பார்த்தேன்.

மிச்சம் ஒன்று. அடியில் தொங்கிய சின்னப் பித்தளைப் பூட்டு. யாருடையது என்று கத்திக் கேட்டேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ஆள் ஓடிப்போய்ச் சொல்ல, உபதேசியார் ஒலிபெருக்கியில் கேட்டார். எவரும் வரவில்லை. பிரைட்டன் ரம்பத்தை எடுத்து அறுக்க உட்கார்ந்தான். சின்னதாக இருந்தாலும் அதுவும் அண்ணாச்சி கடைச் சாமான்தான், வழுக்கி வழுக்கிப் போனது. முப்பத்துநாலு பேரின் ஆசையைப் பிடுங்கிவிட்டு, ஒன்றில் வந்து நிற்கவா?

"அக்கா," என்று சிந்தியா கூப்பிட்டாள். "இந்தப் பிள்ளை கழுத்துல என்னத்தையோ பிடிச்சிட்டு விடமாட்டேங்குது. நீங்க வாங்க."

உள்ளே ஏறினேன். ரேஷ்மியின் விரல்கள் தாலிக்கயிற்றில் இறுகியிருந்தன. கயிற்றிலிருந்த ஊக்கில், ஊக்கோடு ஊக்காக, ஒரு சின்னச் சாவி. வாசலில் நின்ற அண்ணாச்சியும் அதைப் பார்த்துவிட்டார். அத்தனை பூட்டையும் விற்றவருக்கு, ஒரு சாவி தன் வீட்டுக் கழுத்திலேயே தொங்கியது தெரியாமல் போயிருக்கிறது.

"மாமி, அது எனக்க பூட்டு," என்றாள் ரேஷ்மி. உதடுதான் அசைந்தது, சத்தம் பாதிதான் வந்தது. "கடையில ஆரும் இல்லாதப்ப எடுத்தேன். கேட்டது கெடைச்ச பிறகுதான் தொறக்கணும்னு சொன்னியளே. இப்பத் தொறந்தா இந்தப் பிள்ளையும் நிக்காது."

ஒரு சாயங்காலம் இவள் என்னிடம் கேட்டதும், விளக்குமாற்றில் சாய்ந்துகொண்டு நான் பெரிய மனுஷியாகச் சட்டம் சொன்னதும் அப்படியே நினைவுக்கு வந்தது. சாகக் கிடக்கிறவள் நான் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தை வைத்துக்கொண்டு நிற்க நேரமும் இல்லை.

"மக்ளே, அந்தச் சட்டம் நான் போட்டது," என்றேன். "அந்தோணியார் ஒண்ணும் சொல்லல்ல. ஒரு சாமியாரும் சொல்லல்ல. எனக்கு மனசு ஆறாம, நானா உண்டாக்கிச் சொன்னது. நான் போட்டத நானே எடுக்கேன். விடு மக்கா."

அவள் என்னையே பார்த்தாள். "உங்களுக்க பூட்டு?"

வலது கையை விரித்துக் காட்டினேன். திறந்த பூட்டு உள்ளங்கையில் அழுந்தி அழுந்தித் தடம் விழுந்திருந்தது. அதைப் பார்த்தபிறகுதான் அவள் விரல் தளர்ந்தது.

ஊக்கைக் கழற்றி நான் நீட்டிய சாவியை அண்ணாச்சி வாங்கிக்கொண்டு ஓடினார். அவர் கையாலேயே திறந்தார். பிரைட்டனும் நாலைந்து பேரும் சேர்ந்து தள்ள, மாதக்கணக்கில் அசையாத கேட் சிணுங்கிக்கொண்டு விலகியது. ஆம்புலன்ஸும் பின்னாலேயே அண்ணாச்சியின் ஸ்கூட்டரும் பாலத்தில் ஏறி, கால்வாய்க்கு அந்தப்பக்கம் தென்னைகளுக்குள் மறைந்தன. பிறகு ஒவ்வொருவராக, தங்கள் பூட்டை முந்தானையில் முடிந்துகொண்டு தேரைத் தூக்கப் போனார்கள். கிரேசி மட்டும் என்னிடம் வந்து தன் பூட்டை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கடற்கரைப் பக்கம் நடந்தாள். என்னிடம் இனி எப்போது பேசுவாள் என்று தெரியவில்லை. பேசாவிட்டாலும் நான் கேட்கமுடியாது.

தேர் நிலைக்கு வந்து, கரண்ட் வந்து, தெருவிளக்கு எரிந்தபோது அண்ணாச்சியின் போன் வந்தது. பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோதான் இருக்கிறது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தாய்க்கு ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, இரண்டு பேர் உயிருக்கும் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவ்வளவையும் சொல்லிவிட்டு அண்ணாச்சி போனில் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். பிறகு, உன் மகன் விஷயம் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன்.

போனை மடியில் வைத்துக்கொண்டு குருசடிக்கு முன்னால் பாதையிலேயே உட்கார்ந்தேன். விளக்கில் எண்ணெய் இல்லை, திரி கருகியிருந்தது. கேட் இரண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்தது. அதை மூட எனக்கு மனசு வரவில்லை. கழுத்துக் கயிற்றைக் கழற்றி, சாவியையும் பூட்டையும் அந்தோணியார் காலடியில் வைத்தேன். முட்டுக்குத்திச் செபம் சொல்லத்தான் நினைத்தேன், வாயில் வந்தது வேறு.

"அடுத்தவ பிள்ளைக்கு வேண்டி நான் தொறந்துட்டேன் கேட்டீரா," என்றேன் அவரிடம். "எனக்க பிள்ளைக்கு இனி நீரு தொறயும்."